துருவக் கடல் நுண்பாசி: அட்டவணையில் பூஜ்ஜியம் எழுதுவதற்கு முன்

துருவக் கடலிலிருந்து வந்த மாதிரியை எண்ணி முடித்து, அட்டவணையில் ஏதாவது ஒரு இனத்துக்கு நேரே 0 என்று போடுகிறோமே, அந்தப் பூஜ்ஜியத்தைப் போல ஆளை ஏமாற்றுகிற எண் வேறு கிடையாது. பாதி நேரம் அது நம் வலையும் பாட்டிலும் பதப்படுத்தும் மருந்தும் சேர்ந்து செய்துவைத்த வேலை, கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் வந்து முடிகின்றன. நானும் செய்தவன்தான்.

வலையிலிருந்தே தொடங்கலாம். 20 மைக்ரான் கண்ணுள்ள வலையை இழுத்து, வந்ததை நுண்ணோக்கியில் வைத்தால் டயாட்டம்கள் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகள்) கண்ணாடிப் பெட்டிகளைக் கோத்த மாதிரி சங்கிலி சங்கிலியாக வரும். பார்க்க அத்தனை அழகு. உடனே 'இங்கே டயாட்டம் ராஜ்யம்தான்' என்று எழுதக் கை பரபரக்கும். ஆனால் ஆர்க்டிக் முழுக்கப் பரவிக் கிடக்கும் மைக்ரோமோனாஸ் போலாரிஸ் என்ற பச்சைப் பாசியின் அளவே ஏறக்குறைய 2 மைக்ரான்தான், உங்கள் வலையின் ஒரே கண்ணில் பத்து பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். ஆர்க்டிக் கடலின் கனடா படுகையில் 2004 முதல் 2008 வரை எடுத்த அளவீடுகளில், மேல்நீரின் உப்பு குறையக் குறைய இந்தக் குட்டிகள் பெருகியதும், இவற்றைவிடச் சற்றுப் பெரிய பாசிகள் குறைந்ததும் தெரிந்தது. வலையை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பெருக்கம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. வலை என்பது என்னென்ன இனம் இருக்கிறது என்று பட்டியல் போட. எண்ணிக்கை வேண்டும் என்றால் பாட்டிலில் மொண்ட நீர்தான், குட்டிகளுக்கு ஃப்ளோ சைட்டோமீட்டரோ (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு எண்ணும் கருவி) டிஎன்ஏ ஆய்வோ வேண்டும்.

சரி, பாட்டிலில் நீர் எடுத்தாயிற்று. அடுத்து லூகால் கரைசல் என்ற அயோடின் மருந்தைப் பதப்படுத்த ஊற்றுவோம், பால் சேர்க்காத வெளிர் தேநீர் நிறம் வரும்வரை. இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. பலர் பயன்படுத்துவது அமிலம் சேர்த்த லூகால். எமிலியானியா ஹக்ஸ்லி போன்ற பாசிகள் உடம்பைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளை அடுக்கி வைத்திருக்கும், அமிலம் பட்டதும் அவை கரைந்துவிடும். மிஞ்சுவது அடையாளமே இல்லாத ஒரு சின்ன உருண்டை, அதை 'இனம் தெரியாத கசையுயிரி' (சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒற்றைச் செல்) என்ற கணக்கில் தள்ளிவிட்டு எமிலியானியாவுக்கு நேரே 0 போடுவோம். 1997-இல் பெரிங் கடலே பால் கலந்த நீலப்பச்சையாக மாறி, செயற்கைக்கோள் படத்தில் பளிச்சென்று தெரிந்ததே, அதற்குக் காரணம் இதே பாசிதான். கடல் நிறம் மாறுகிற அளவுக்குப் பெருகும் ஒன்றை ஒரு துளி அமிலம் தாளில் இல்லாமல் ஆக்கிவிடும். பேயோசிஸ்டிஸ் என்ற பாசியின் கதை வேறு. அது வழவழப்பான கோளமாகக் கூட்டம் கூடி வாழும், மருந்து பட்டதும் கூட்டம் கலைந்து சில மைக்ரான் அளவுள்ள தனித்தனி செல்களாகச் சிதறிவிடும். ஒரு மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றில் அமில லூகால், மற்றதில் காரம் சேர்த்த லூகாலோ அமிலம் நீக்கிய பார்மலினோ ஊற்றுங்கள். முடிந்தால் மருந்தே ஊற்றாத உயிருள்ள நீரையும் கப்பலிலேயே பத்து நிமிடம் பார்த்துவிடுங்கள். அந்தப் பத்து நிமிடம் பின்னால் பல நாள் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

பனிக்கட்டி மாதிரி இன்னும் மோசம். கடல் உறையும்போது உப்பு வெளியே தள்ளப்பட்டு, பனிக்குள் நுண்ணிய வாய்க்கால்களில் அடர்ந்த உப்புநீராகத் தங்கும். பனிப்பாசி குடியிருப்பது அந்த வாய்க்கால்களில்தான். இந்தக் கட்டியை வாளியில் போட்டு அப்படியே உருகவிட்டால் கிடைப்பது ஏறக்குறைய நன்னீர். உப்பில் ஊறிக் கிடந்த செல் திடீரென்று நன்னீருக்குள் விழுந்தால் தண்ணீரை உறிஞ்சி உப்பி வெடிக்கும், சிலிக்கா ஓடு உள்ள டயாட்டம் ஓரளவு தாங்கும், மெல்லிய தோலுள்ள கசையுயிரிகள் தாங்காது. என் முதல் பனிக்கட்டி மாதிரியை நான் இப்படித்தான் உருக்கினேன். அவசரம் வேறு, ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டேன். எண்ணிப் பார்த்தால் வெறும் டயாட்டம். 'இந்தப் பனியில் கசையுயிரியே இல்லை' என்று பெருமையாகப் போய்ச் சொன்னேன், கேட்டவர் சிரிக்கவில்லை, உருக்கிய வாளியைக் காட்டச் சொன்னார். வடிகட்டிய கடல்நீரை ஊற்றி, குளிரில், இருட்டில், மெதுவாக உருக்குவதுதான் முறை. அப்புறம் நீங்கள் ஊற்றிய கடல்நீரின் அளவைக் குறித்து வைத்துக் கணக்கில் கழிக்க வேண்டும். இதை மறந்து பனிப்பாசியைப் பாதியாகக் குறைத்துக் காட்டுகிறவர்கள் நிறைய.

பனியைக் குழாயால் துளையிட்டுக் கட்டியை எடுக்கும்போதும் கவனம் வேண்டும். வசந்தத்தில் பாசியின் பெரும்பகுதி பனியின் அடியில் கடைசிச் சில சென்டிமீட்டரில் இருக்கும், பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று. குழாயை வேகமாக இழுத்தால் அந்த அடிப்பகுதி உதிர்ந்து கடலுக்கே போய்விடும், மேலே வருவது சுத்தமான வெள்ளைக் கட்டி. மெலோசிரா ஆர்க்டிகா என்ற டயாட்டம் குழாய்க்குச் சிக்கவே சிக்காது, அது பனிக்கு அடியில் மீட்டர் கணக்கில் சடைசடையாகத் தொங்கும். 2012 கோடையில் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் மத்திய ஆர்க்டிக்கில் போனபோது, சுமார் 4,000 மீட்டர் ஆழத்தில் கடல் தரையில் இதே மெலோசிரா கொத்துக் கொத்தாக விழுந்து கிடந்ததைக் கேமராவில் பார்த்தார்கள், கடல் வெள்ளரிகள் அதை மேய்ந்துகொண்டிருந்தன. மேலே குழாயில் அகப்படாதது கீழே விருந்தாகக் கிடந்தது.

சூடும் கொல்லும் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மைனஸ் 1.5 டிகிரியில் வாழ்ந்த செல்லை 22 டிகிரி ஆய்வகத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, உற்பத்தி (பாசி ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் அளவு) குறைவாக இருக்கிறது என்று எழுதாதீர்கள்.

பச்சையத்தை அளந்துவிட்டு அதையே பாசியின் எடை என்று எழுதுவது இன்னொரு பழக்கம். பனிக்கு அடியில், மங்கிய ஒளியில் வாழும் பாசி கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கத் தன் செல்லுக்குள் பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். அதே பாசி வெயிலுக்கு வந்தால் குறைத்துக்கொள்ளும். எடையில் மாற்றமே இல்லாமல் பச்சையம் மட்டும் ஏறி இறங்கும்.

செயற்கைக்கோளுக்கு வருகிறேன், ஏனென்றால் இப்போது எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். 2011 ஜூலையில் அமெரிக்காவின் ஹீலி என்ற பனி உடைப்புக் கப்பல் அலாஸ்காவுக்கு வடமேற்கே உள்ள சுக்சி கடலில் போனபோது, ஏறக்குறைய ஒரு மீட்டர் தடிமன் பனிக்குக் கீழே, விளிம்பிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளி, பெரிய பாசிப் பெருக்கம் இருந்ததைக் கண்டார்கள். பனிமேல் தேங்கிய உருகுநீர்க் குட்டைகள் ஜன்னல் மாதிரி வெளிச்சத்தை உள்ளே விட்டிருந்தன. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்தது நாசா, அவர்களுடைய செயற்கைக்கோள் பார்க்கவே முடியாத இடத்தில்தான் விஷயம் இருந்தது. பனி இல்லாத இடத்திலும் தொல்லை உண்டு. மேல்நீரில் சத்து தீர்ந்ததும் பாசி இருபது, முப்பது மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும், கோளின் பார்வை அவ்வளவு தூரம் எட்டாது. மறுபக்கம், லேனா, யெனிசெய் போன்ற சைபீரிய ஆறுகள் கொட்டுகிற நீர் தேநீர்ச் சாயலில் இருக்கும், அந்தச் சாயத்தையும் கோள் பச்சையமாக எண்ணிவிடும். படத்தில் பளிச்சென்று பச்சை, தண்ணீரில் ஒன்றும் பெரிதாக இருக்காது. உலகம் முழுவதற்கும் பொதுவாகச் செய்த கணக்கு முறையை ஆர்க்டிக்கில் அப்படியே போடாதீர்கள்.

கோடையில் மட்டும் போய் மாதிரி எடுத்துவிட்டு, குளிர்கால இருட்டில் ஒன்றும் நடக்காது என்று எண்ணுவதையும் இதோடு சேர்க்கலாம். 2019-20-இல் போலார்ஸ்டெர்ன் பனியில் உறைந்தபடியே மத்திய ஆர்க்டிக்கில் மிதந்த பயணத்தில், துருவ இரவு முடிகிற தறுவாயில், சதுர மீட்டருக்கு நொடிக்கு 0.04 மைக்ரோமோல் ஒளித்துகள் அளவுள்ள ஒளியிலேயே பாசி வளரத் தொடங்கியது என்று 2024-இல் வெளியிட்டார்கள். அது நல்ல வெயிலின் ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்கு. கப்பல் போகாத மாதங்களுக்கு நங்கூரமிட்டு விடும் கருவிகள்தான் வழி. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள கோங்ஸ்ஃபியோர்டில் 2014-இல் இந்தியா இறக்கிய இண்டார்க் அப்படிப்பட்டது, அதில் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் கை இருக்கிறது.

இன்னொன்று, பனி போனால் பாசி கூடும் என்று ஒரே கோட்டில் யோசிப்பது. ஆர்க்டிக்கில் 1998-க்கும் 2018-க்கும் இடையில் உற்பத்தி 57 விழுக்காடு கூடியது உண்மைதான். ஆனால் வெளிச்சம் மட்டும் போதாது, நைட்ரேட் வேண்டும். உருகிய நன்னீர் மேலே மூடிபோல உட்கார்ந்தால் கீழிருந்து சத்து ஏறாது. இதைப் படித்துவிட்டு அண்டார்க்டிக்கிலும் அதே கதை என்று நினைத்தால் அது அடுத்த தவறு. அங்கே நைட்ரேட் ஏராளம், பஞ்சம் இரும்புக்கு. அப்படியானால் இரும்பைப் போட்டால் டயாட்டம் பெருகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2009-இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து லோஹாஃபெக்ஸ் சோதனையில் தெற்கு அட்லாண்டிக்கில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு தூவினார்கள். டயாட்டம் எழவே இல்லை, ஏனென்றால் அந்த நீரில் அதன் ஓட்டுக்கு வேண்டிய சிலிக்கா தீர்ந்து போயிருந்தது. சிறு கசையுயிரிகள் கொஞ்சம் பெருகின, அவற்றையும் நீரில் மிதந்து திரியும் குட்டி விலங்குகள் தின்று தீர்த்தன, ஆழத்துக்குப் போன கார்பன் சொற்பம்.

கடைசியாக, அந்த 0. செட்ஜ்விக்-ராஃப்டர் என்ற எண்ணும் தட்டில் ஒரு மில்லிலிட்டர் ஊற்றி எண்ணுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு செல் கண்ணில் பட்டாலே கணக்குப்படி லிட்டருக்கு 1,000. அப்படியானால் லிட்டருக்கு முன்னூறு இருக்கும் இனம் பெரும்பாலும் உங்கள் தட்டில் வராமலே போகும். அலெக்சாண்ட்ரியம் கடெனெல்லா என்ற நச்சுப் பாசிக்கு இது விளையாட்டு இல்லை. லிட்டருக்குச் சில நூறு செல் இருந்தாலே சிப்பிகளில் நச்சு இருக்கிறதா என்று சோதிக்க ஆரம்பிக்கும் கண்காணிப்புத் திட்டங்கள் உண்டு, 2022 கோடையில் அது பெரிங் நீரிணைப் பக்கம் பெரிதாகப் பெருகியது, அங்கே கரையோர மக்கள் கடலில் கிடைப்பதைச் சாப்பிட்டு வாழ்கிறவர்கள். 50 மில்லிலிட்டரை உட்டர்மோல் என்ற படியவைக்கும் குழாயில் ஒரு நாள் முழுக்கப் படியவிட்டு, அடித்தளம் மொத்தத்தையும் எண்ணினால் ஒரு செல் என்பது லிட்டருக்கு 20. அதிலும் அகப்படவில்லையா? அட்டவணையில் 'லிட்டருக்கு 20-க்கும் குறைவு' என்று எழுதி, பக்கத்திலேயே எண்ணிய அளவையும் ஊற்றிய மருந்தின் பெயரையும் போடுங்கள்.