காற்று பலமான நாளில் தொலைதூரப் பாராகிளைடிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் ஏப்ரல் மதியம். இமாச்சலில் பில்லிங் மலையிலிருந்து கிளம்பி, ஜோகிந்தர் நகர் பக்கமாகச் சுகமாகப் போய்விட்டு மேற்கே திரும்பிக்கொண்டிருந்தேன். கீழே படிப்படியாகக் கோதுமை வயல்கள். என் விங்கின் (தலைக்கு மேலே விரியும் துணிச் சிறகு) நிழல் வரப்பு வரப்பாகத் தாண்டி வந்துகொண்டிருந்தது. ஒரு வரப்புக்கு வந்ததும் நின்றுவிட்டது. முகத்தில் அடிக்கும் காற்றில் எந்த மாற்றமும் இல்லை, விங்கும் வழக்கம்போலத்தான் இருந்தது. வேரியோவை (ஏற்ற இறக்கத்தையும் வேகத்தையும் காட்டும் கருவி) பார்த்தேன். தரைவேகம் மணிக்கு 9 கி.மீ. என்றது. அப்புறம் 6, அப்புறம் 3. அதாவது, பறந்துகொண்டே ஒரே இடத்தில் நின்றிருந்தேன்.

(பில்லிங்கில் கிளம்பிப் பறந்து வந்து இறங்கும் ஊரின் பெயர் பீர். "பீருக்குப் போய்ட்டு வரேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பும் சங்கடம் தமிழ்ப் பைலட்டுகளுக்கு மட்டும்தான்.)

நான் தவறு செய்தது அந்த வயலுக்கு மேலே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால், பின்காற்று தள்ளத் தள்ளக் குஷியாகக் கிழக்கே போனபோதே செய்து முடித்துவிட்டேன்.

கணக்கு எளிதுதான். சாதாரண விங் ஒன்று, பிரேக் (விங்கின் பின்விளிம்பை இழுக்கும் கயிறு) பிடிக்காமல் விட்டால் மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் போகிறது, 1 மீட்டர் இறங்கினால் 8 மீட்டர் முன்னே போகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாத நாளில் 1000 மீட்டர் உயரம் கையில் இருந்தால் 8 கி.மீ. போகலாம். மணிக்கு 20 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால் அதே உயரத்தில் 12 கி.மீ. தாண்டும். அதே காற்று எதிரே வந்தால் 4 கி.மீ. கூடத் தேறாது. ஆக, போன தூரத்தைத் திரும்பி வர மூன்று மடங்கு உயரம் வேண்டும். கிளம்பிய இடத்துக்கே திரும்புவதாக இருந்தால், எதிர்க்காற்றில் போகவேண்டிய பகுதியை உடம்பில் தெம்பும் வெயிலில் வலுவும் இருக்கும்போதே முதலில் முடித்துவிடுங்கள். காற்றோடு போகத்தான் ஆசையா? தாராளமாகப் போங்கள், ஆனால் பஸ்ஸில் திரும்பி வருவதாக முடிவு செய்துவிட்டுப் போங்கள். பாக்கெட்டில் பணம் இருக்கட்டும்.

"காற்று அடித்தால்தானே தூரம் போக முடியும், பிரேசிலில் பார்க்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 2016-ல் வடகிழக்கு பிரேசிலின் தசிமாவிலிருந்து மூன்று பேர் சேர்ந்தே பறந்து 564 கி.மீ. போனார்கள். பலமான பின்காற்றுதான் அங்கே பெரிய துணை. ஆனால் அது ஏறக்குறைய சமவெளி, வறண்ட பூமி. ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கலாம், யாரும் திரும்பி வரப் பார்ப்பதில்லை. அந்தக் காற்றை அப்படியே கொண்டுவந்து மலை மேல் விட்டால் கதையே வேறு.

மலையில் நடக்கும் தவறுகளில் மோசமானது எது என்று என்னைக் கேட்டால், டேக்-ஆஃபில் (கிளம்பும் இடத்தில்) வீசும் காற்றை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவதைச் சொல்வேன். பில்லிங் டேக்-ஆஃப் சுமார் 2400 மீட்டர் உயரத்தில் தெற்கு பார்த்து இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் 4000 மீட்டரைத் தாண்டும் தௌலாதார் மலைத்தொடர். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, அதை ஒட்டிய காற்று மேலே ஏறும். விண்ட்சாக் (காற்றின் திசை காட்டும் துணிக்குழாய்) அழகாக மலையைப் பார்த்து ஆடும். "பக்கா கண்டிஷன்" என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். அதே நேரம், 3500 மீட்டரில் வடக்கிலிருந்து காற்று மலையைத் தாண்டிக் குப்புற விழுந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் நாம் நிற்கும் சரிவு முழுவதும் காற்றுக்கு மறைவுப் பக்கம். காவிரியில் வெள்ளம் வரும்போது பாலத் தூணுக்குப் பின்னால் தண்ணீர் சுழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுழிப்பைத்தான் ரோட்டர் என்கிறோம். கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வித்தியாசம். உள்ளே மாட்டினால் விங் பாதி மடங்கும், சில சமயம் முழுசாகவே மடங்கும்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. காலையிலேயே வானிலை ஆப்பில் தரைக்காற்றோடு நிறுத்தாமல் 3000, 4200 மீட்டர் மட்டங்களையும் பாருங்கள். ஆப்பில் அவை 700, 600 ஹெக்டோபாஸ்கல் என்று இருக்கும். டேக்-ஆஃபில் கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். சிகரத்தின் மேல் இருக்கும் மேகத்துண்டு எந்தப் பக்கம் நகர்கிறது? பாதாம் பருப்பு மாதிரி வழவழப்பான மேகம் அசையாமல் நிற்கிறதா? விண்ட்சாக் ரெண்டு நிமிஷம் செத்துத் தொங்கிவிட்டுத் திடீரென்று விறைக்கிறதா, இல்லை மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறதா? மேகம் உங்கள் தலைக்கு மேலாக மலையிலிருந்து சமவெளிப் பக்கம் ஓடினால், விங்கை மடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

அடுத்தது தெர்மல், அதாவது தரை சூடாகி மேலே ஏறும் காற்று. அதில் சுற்றித்தான் நாம் உயரம் ஏறுகிறோம். காற்று நாளில் தெர்மல் நேராக நிற்காது, அடுப்புப் புகை மாதிரி சாய்ந்துகொண்டே ஏறும். அதைச் சுற்றச் சுற்ற நாமும் காற்றோடு நகர்வோம். வேரியோ கீக் கீக் என்று சந்தோஷமாகக் கத்தும்போது கீழே பார்க்க யாருக்கும் தோன்றாது. அஞ்சாறு சுற்று முடித்துவிட்டுப் பார்த்தால் முகட்டைத் தாண்டிப் பின்பக்கம் வந்திருப்போம். அங்கே தெர்மல் அறுந்தால் இறக்கமும் ரோட்டரும் ஒன்றாக வந்து சேரும். முகட்டின் மேல் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடுவதால் முன்பக்கம் திரும்பவும் முடியாது. நான் வைத்திருக்கும் வழக்கம் இது: ஒவ்வொரு சுற்றிலும் காற்றைப் பார்த்துத் திரும்பும்போது, "இப்போதே தெர்மல் போய்விட்டால் முகட்டுக்கு முன்னால் போய்ச் சேருவேனா?" என்று கேட்டுக்கொள்வேன். சந்தேகம் வந்தால் அந்தத் தெர்மலை அப்படியே விட்டுவிடுவேன். கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

ஸ்பீட் பாரை (காலால் மிதித்து வேகம் கூட்டும் கம்பி) பற்றியும் ஒரு தப்பான நம்பிக்கை உலவுகிறது: எப்போது மாட்டினாலும் மிதித்தால் தப்பிவிடலாம் என்று. பாரை மிதித்தால் விங்கின் முன்விளிம்பு தாழும், வேகம் கூடும், கூடவே மடங்கும் ஆபத்தும் கூடும். முழு பாரில் சாதாரண விங் ஒன்று 50 கி.மீ. சுமாருக்குத்தான் போகும். அதனால் பாரை உயரத்தில் இருக்கும்போதே, தரைவேகம் 15-க்குக் கீழே வந்ததுமே, பாதி அளவுக்கு மிதித்து நகரத் தொடங்குங்கள். வேகம் பூஜ்யம் ஆனபிறகு, மரங்களுக்கு மேல் நூறு மீட்டரில், குலுங்கும் காற்றில் முழுசாக மிதிப்பது தப்பு. பக்கத்தில் பறக்கும் போட்டி விங்காரர் அதே காற்றில் ஜம்மென்று முன்னே போவார். அவருடைய விங் வேறு, எடை வேறு. அவர் போகிறார் என்பதற்காக நாமும் போகவேண்டாம்.

பள்ளத்தாக்குக் காற்று மதியத்துக்கு மேல் பலமாகும். இரண்டு மலைகள் நெருங்கும் இடத்தில், ஹோஸ் நுனியை விரலால் அமுக்கினால் தண்ணீர் பீறிடுவது மாதிரி அடிக்கும். அந்த மாதிரிக் குறுகலான இடத்தில் தாழ்வாகப் போய் இறங்க நினைக்காதீர்கள். உயரம் மிச்சம் இருக்கும்போதே அகலமான இடத்துக்குப் போய்விடுங்கள்.

இறங்குவதில் பழக்கதோஷம்தான் எதிரி. சாதாரண நாளில் மைதானத்தைச் சுற்றி வந்து, காற்றோடு ஒரு நீளம், அப்புறம் திரும்பி இறக்கம் என்று பழகியிருப்போம். பலமான காற்றில் அப்படிக் காற்றோடு ஒரு நீளம் போனால் மைதானமே பின்னால் போய்விடும். மைதானத்துக்கு முன்பக்கமாக, காற்று வரும் திசையில் நின்று, காற்றைப் பார்த்தபடியே சின்னச் சின்னதாக இடதும் வலதும் அலைந்து இறங்குங்கள். தாழ்வாக இருக்கும்போது பின்காற்றில் திரும்பினால் தரை விர்ரென்று ஓடுவதாகத் தோன்றும், கை தானாகப் பிரேக்கை இழுக்கும். தரைக்குத்தான் அது வேகம். விங்கைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகம்தான், இழுத்தால் ஸ்டால் ஆகும், அதாவது விங் பறக்கும் வேகத்தை இழந்து விழும். மரம், வீடு, கரண்ட் கம்பி எதற்கும் பின்னால் இறங்க வேண்டாம்.

நிழல் நின்ற அன்று நான் பின்பக்கமாக நகர்ந்துகொண்டேதான் இறங்கினேன். கால் தரையைத் தொட்டதும் வழக்கம்போல இரண்டு பிரேக்கையும் அடிவரை இழுத்தேன். விங் பாய்மரமாகி என்னைத் தூக்கிப் பின்னால் எறிந்து, இரண்டு வரப்பு தூரம் இழுத்துக்கொண்டு போனது. காற்று 20-லிருந்து 30 ஆனால் இழுக்கும் விசை இரண்டு மடங்குக்கு மேல் கூடும். காற்று நாளில் பிரேக்கை ஒரு சொட்டு தொட்டால் போதும், கால் பட்ட கணமே விங் பக்கம் திரும்பி, பின்வரிசை ரைசர்களை (கயிறுகளைச் சேர்த்து நம்மோடு இணைக்கும் பட்டைகள்) இழுத்துக்கொண்டு விங்கை நோக்கி ஓட வேண்டும். இழுபட ஆரம்பித்துவிட்டால் ஒரு பக்கப் பிரேக் கயிற்றை மட்டும் விடாமல் கை மாற்றி மாற்றி இழுங்கள், விங் சுருண்டு விழும். இதையெல்லாம் தரையில் பயிற்சி செய்துதான் கைக்குக் கொண்டுவர முடியும்.

அன்று இன்னொரு தவறும் செய்தேன். முழங்கை சிராய்ப்போடு வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், விங் வயலில் விரிந்து கிடந்தது. மேலே போன ஒருவர் இரண்டு முறை என்னைச் சுற்றிவிட்டு, அந்தக் காற்றிலேயே பக்கத்து வயலில் இறங்கி ஓடி வந்தார். விரிந்து கிடக்கும் விங்குக்கு "எனக்கு அடிபட்டிருக்கிறது" என்று அர்த்தம். இறங்கியதும் முதல் வேலையாக அதைச் சுருட்டிவிடுங்கள். அவருக்கு அன்று இன்னும் நாற்பது கி.மீ. பாக்கி இருந்ததாம்.