டிலனின் அதிகம் கேட்காத பாடல்களைத் தேடும்போது

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிரபலமான பாடல்களைக் கேட்டு முடித்தவர்கள் அடுத்துச் செய்யும் முதல் தவறு, ஆல்பத்தில் இடம்பெறாத பாட்டு என்றால் தேறாத பாட்டு என்று நினைப்பது. மற்றவர்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் சரியாக இருக்கலாம். டிலனிடம் அந்தக் கணக்கு செல்லாது.

'பிளைண்ட் வில்லி மெக்டெல்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983-இல் 'இன்ஃபிடல்ஸ்' ஆல்பத்துக்காகப் பதிவானது. டிலன் பியானோவில், மார்க் நாஃப்ளர் கிட்டாரில். கூட வேறு யாருமில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த, ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசையைப் பாடிய, பார்வையற்ற பாடகர் ஒருவரின் பெயரை வைத்துக்கொண்டு, அடிமைக் கப்பல்கள் வரை போய்விடுகிற பாட்டு. அதை ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்! ஒதுக்கிவைத்த பழைய பதிவுகளை வெளியிடும் 'பூட்லெக் சீரிஸ்' வரிசை 1991-இல் தொடங்கியபோதுதான் முறையாக வெளிவந்தது. 'இன்ஃபிடல்ஸ்' ஆல்பத்தின் எட்டுப் பாடல்களையும் கொடுத்துவிட்டு இந்த ஒன்றை வாங்கிக்கொள்வேன்.

அப்புறம், ஒரு வடிவத்தைக் கேட்டுவிட்டுப் பாட்டையே கேட்டாயிற்று என்று நகர்ந்துவிடாதீர்கள். இதே பாட்டை இசைக்குழுவோடு பாடிய வடிவம் அந்த வரிசையின் 2021 தொகுப்பில் இருக்கிறது. முற்றிலும் வேறு ஆள் பாடுவது போலிருக்கும். 'மிசிசிப்பி' இன்னும் வேடிக்கை. 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' ஆல்பத்துக்காகப் பாடி ஒதுக்கிவைத்தார். 1998-இல் பாடகி ஷெரில் க்ரோ பாடி வெளியிட்டார். டிலன் மறுபடி பாடி வெளியிட்டது 2001-இல். ஒதுக்கிய பழைய பதிவுகள் அதே வரிசையில் 2008-இல் வந்தன. அவற்றில் ஆரவாரமே இல்லாத முதல் பதிவுதான் எனக்குப் பிடித்தது.

1967-இல் 'தி பேண்ட்' குழுவினரோடு பதிவு செய்த 'பேஸ்மென்ட் டேப்ஸ்' பக்கம் போகிறவர்கள் ஆர்வக் கோளாறில் 138 பதிவுகள் கொண்ட ஆறு சிடி தொகுப்பில் குதிக்கிறார்கள். பாதிப் பாட்டு சிரிப்பும் அரட்டையுமாக நின்றுபோகும். மூன்றாவது சிடிக்குள் சலித்துவிடும். 1975-இல் வந்த பழைய ஆல்பமும் தொடங்க ஏற்றதல்ல: 24 பாடல்களில் எட்டு, டிலன் இல்லாமல் 'தி பேண்ட்' மட்டும் பாடியவை. அதே பதிவுகளிலிருந்து 38 பாடல்களை மட்டும் எடுத்த 'ரா' தொகுப்பு போதும்.

பாட்டு யாருடையது என்றும் பாருங்கள். டிலன் பாடிய 'ப்ரெட்டி சாரோ' கேட்டு அவர் வரிகளை மெச்சுவார்கள். அது பழைய நாட்டுப்பாடல்.

எண்பதுகளை மொத்தமாகத் தாண்டுவதும் வழக்கம். 1986-இன் 'நாக்ட் அவுட் லோடட்' சுமாரான ஆல்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் நாடகாசிரியர் சாம் ஷெப்பர்டோடு சேர்ந்து எழுதிய 'பிரவுன்ஸ்வில் கேர்ள்' பதினோரு நிமிடம் ஓடுகிறது. பாடுகிறவன் முன்பு பார்த்த நடிகர் கிரெகரி பெக்கின் படமொன்றை நினைவுகூர்கிறான், அதற்குள் ஒரு காதல் கதை நுழைகிறது, மறுபடி படம். இதை மட்டும் வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள்.