தாம்பரத்தில் தங்கப் போகிறீர்களா? தண்டவாளத்தின் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு விமானம் ஏறும் பலருக்கும் வேலை முழுவதும் தென்புறநகரான தாம்பரத்தில்தான். பெற்றோர் சேலையூரில் இருப்பார்கள், சித்தப்பா பெருங்களத்தூரில், கல்யாண மண்டபம் முடிச்சூர் சாலையில். இருந்தும் தியாகராய நகரிலோ நுங்கம்பாக்கத்திலோ அறை எடுத்துவிட்டு, தினமும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் பாதி நாளைத் தொலைக்கிறார்கள். தாம்பரத்திலேயே தங்கி, நகரத்துக்குள் போக வேண்டிய நாட்களில் மட்டும் மின்சார ரயில் ஏறுங்கள். செலவும் அலைச்சலும் குறையும்.

கிழக்கா, மேற்கா?

ரயில் பாதை தாம்பரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஜி.எஸ்.டி. சாலை, சண்முகம் சாலைக் கடைவீதி, முடிச்சூர் சாலை எல்லாம் மேற்கில். வேளச்சேரி சாலை, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, விமானப்படைத் தளம், கேம்ப் ரோடு, சேலையூர், மாடம்பாக்கம் எல்லாம் கிழக்கில். நடந்து போனால் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். வண்டியில் என்றால் மேம்பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். காலை 8 முதல் 10.30 வரையும் மாலை 5 முதல் 9 வரையும் அந்தச் சிறிய தூரமே அரை மணி நேரத்தை விழுங்கும். ஆகவே உறவினர் வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே அறை எடுங்கள்.

விடுதி விளம்பரத்தில் 'தாம்பரம்' என்று மட்டும் இருந்தால் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், திருநீர்மலை எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. அஞ்சல் எண்ணைக் கேளுங்கள்: மேற்குத் தாம்பரம் 600045, கிழக்குத் தாம்பரம் 600059, சேலையூர் 600073, குரோம்பேட்டை 600044.

மழைக்காலம்

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் 1 அன்று பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீர் அடையாறு வழியாக வரும்போது முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான நகர்கள் முதலில் மூழ்குகின்றன. இந்த மாதங்களில் வந்தே ஆக வேண்டுமென்றால் அந்தப் பகுதிகளில் தரைத்தளத்தில் தங்காதீர்கள், வாடகைக் காரையும் அங்கே நிறுத்தி வைக்காதீர்கள். முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்து வர ஜனவரி, பிப்ரவரிதான் ஏற்ற மாதங்கள். மே மாதக் கத்திரி வெயிலில் வெளிவேலைகளைக் காலை 10 மணிக்குள் முடித்துவிடப் பாருங்கள்.

விமான நிலையத்திலிருந்து

மீனம்பாக்கத்திலிருந்து தாம்பரம் சுமார் 10 கி.மீ. விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. கையில் ஒரு பை மட்டும் என்றால் அங்கே ஏறி, பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் கடந்து நான்காவது நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். இரண்டு பெரிய பெட்டிகளோடு அதை முயல வேண்டாம். ரயில் நிற்பது அரை நிமிடம் போல, ஏற்றுவதற்குள் கிளம்பிவிடும். பல சர்வதேச விமானங்கள் தரையிறங்கும் நள்ளிரவு நேரத்தில் மின்சார ரயிலும் கிடையாது. முன்பணம் கட்டும் டாக்சி எடுங்கள். செயலியில் வண்டி பிடிப்பவர்கள் பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்குப் போய்த்தான் ஏற வேண்டும். வாசலிலேயே வரச் சொல்லி ஓட்டுநரோடு வாதம் செய்வதில் பயனில்லை.

மின்சார ரயில்

சென்னைக் கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. ஊரின் உயிர்நாடி இன்றும் அதுதான். கடற்கரை வரை சுமார் ஒரு மணி நேரம், இரண்டாம் வகுப்புக் கட்டணம் 10 ரூபாய். துணிக்கடைக்கு மாம்பலம், மெட்ரோவுக்கு மாற கிண்டி, வெளியூர் ரயிலுக்கு எழும்பூர், சென்ட்ரலுக்குப் பூங்கா நிலையம். சாலையில் இதே தூரம் போக எவ்வளவு நேரம் ஆகுமென்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

தடுமாறும் இடங்கள் சில உண்டு. முதல் வகுப்புப் பெட்டி பார்வைக்கு மற்றப் பெட்டிகளைப் போலவே இருக்கும். கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று இரண்டாம் வகுப்புச் சீட்டோடு ஏறினால் குறைந்தது 250 ரூபாய் அபராதமும் கட்டணமும் சேர்த்துக் கட்ட வேண்டும். மகளிர் பெட்டியில் குடும்பத்தோடு ஏறும் ஆண்களும் மாட்டிக்கொள்கிறார்கள். 2025 ஏப்ரலில் வந்த ஏ.சி. மின்சார ரயிலுக்குத் தனிக் கட்டணம், குறைந்தபட்சம் 35 ரூபாய்; சாதாரணச் சீட்டு அதில் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, பராமரிப்புப் பணிக்காகப் பல சேவைகளை ரத்து செய்வதும் பெரும்பாலும் அன்றுதான். முகூர்த்தம் ஞாயிறு காலையில் என்றால் முந்தைய நாள் செய்தித்தாளைப் பார்த்துவிடுங்கள். விரைவு மின்சார ரயில்கள் எல்லா நிலையத்திலும் நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சீட்டு வரிசை நீளமாக இருந்தால் தானியங்கி இயந்திரம் இருக்கிறது. ரயில்வேயின் ரயில்ஒன் செயலியிலும் எடுக்கலாம், அதற்கு இந்தியக் கைபேசி எண் வேண்டும்.

மாநகரப் பேருந்தில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் தரும் சீட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது

தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கோயம்பேட்டிலிருந்து கிளம்புவதில்லை. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் முனையம்தான் இடம். தாம்பரத்தில் இருப்பவர்களுக்கு இது வசதி, ஏறக்குறைய 10 கி.மீ. தெற்கே, மாநகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு.

ரயிலில் போகிறவர்கள் சீட்டில் புறப்படும் நிலையத்தை இரண்டு முறை படியுங்கள். டி.பி.எம். என்றால் தாம்பரம், எம்.எஸ். என்றால் எழும்பூர். புதிய பாம்பன் பாலம் வழியாகப் போகும் ராமேசுவரம் ரயில்களில் ஒன்று தாம்பரத்திலிருந்தே கிளம்புகிறது. எழும்பூரிலிருந்து போகும் பல ரயில்களும் தாம்பரத்தில் நிற்கும்; முன்பதிவின்போதே ஏறும் நிலையமாகத் தாம்பரத்தைத் தேர்ந்தெடுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். பொங்கலுக்கு முந்தைய நாட்களுக்கு நவம்பர் நடுவிலேயே உட்கார வேண்டும், சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். தட்கலில் (கடைசி நேர முன்பதிவில்) பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் இணைத்த கணக்கு வேண்டும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பலரிடம் அது இருக்காது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரண்டு மூன்று நாட்கள் மாலையில் தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலை ஊர்ந்துதான் போகும். காரில் போவதென்றால் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புங்கள்.

வந்த இடத்தில் பார்க்க

மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலைத் தவறவிடக் கூடாது. சோழர் காலத்தில் கல்லால் கட்டிய கோயில், கருவறை மேலுள்ள விமானம் யானையின் பின்புறம் போல வளைந்த கஜபிருஷ்ட வகை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலை 10 மணிக்குள் அல்லது மாலை 5-க்குப் பிறகு போங்கள். ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசமான திருநீர்மலையில் அடிவாரத்தில் ஒன்று, மலைமேல் ஒன்று என இரண்டு கோயில்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அடிவாரத்து நீர்வண்ணப் பெருமாளைச் சேவித்துவிட்டு நிழலில் இருக்கலாம்.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. 602 ஹெக்டேர் பரப்பு. குழந்தைகளோடு முழுக்க நடந்து முடிக்க முடியாது, 9 மணிக்குத் திறந்தவுடன் போய் மின்கல வண்டிக்குச் சீட்டு எடுத்துவிடுங்கள். துணிமணிக்குத் தியாகராய நகர்தான் போக வேண்டும் என்பதில்லை, பெரிய கடைகளின் கிளைகள் குரோம்பேட்டையில் வரிசையாக உள்ளன.

சித்த வைத்தியம் பார்க்க விரும்புபவர்கள் சானடோரியம் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குக் காலையிலேயே போங்கள். பயணத்தின் கடைசி வாரத்துக்கு இதைத் தள்ளாதீர்கள், மறுபடி வரச் சொல்வார்கள். பெயரில்லாப் பொட்டலத்தில் கட்டிய சூரணமும் பற்பமும் நீங்கள் வாழும் நாட்டுச் சுங்கத்தில் பிடிபடலாம். உலோகம் சேர்ந்த மருந்தைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. கொண்டுபோகப் போவதாக மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

கைபேசி, பணம், படிவம்

பழைய இந்திய எண்ணை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் முடக்கப்படலாம். வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும் என்றால் வெளிநாட்டிலிருந்தே ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். டீக்கடை வரை யூபிஐ எனும் கைபேசிவழிப் பணம் செலுத்தும் முறைதான். என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) உள்ளவர்கள் சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட சில நாடுகளின் கைபேசி எண்ணிலேயே யூபிஐ பயன்படுத்தலாம், கிளம்புமுன் வங்கியில் கேட்டு இணைத்துவிடுங்கள். அப்படியும் 100, 50 ரூபாய்த் தாள்கள் கொஞ்சம் வையுங்கள். ஆட்டோவில் 500-க்குச் சில்லறை கிடைப்பது அரிது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் வீட்டில் தங்கினாலும், தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை இணையத்தில் (முன்பு 'படிவம் சி' எனப்பட்ட படிவத்தில்) பதிய வேண்டும். விடுதிகள் செய்துவிடும், வயதான பெற்றோருக்கு இது தெரியாது. விசாப் பக்கத்தின் நகலை முன்கூட்டியே அனுப்பி, அங்கே விவரம் தெரிந்த ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள்.

திரும்பும் விமானம் ஞாயிறு இரவோ திங்கள் விடியலிலோ இருந்தால், விடுமுறை முடிந்து நகரத்துக்குத் திரும்பும் வண்டிகளும் அதே சாலையில்தான் வரும். அந்த 10 கி.மீ.க்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், பொங்கல் முடிந்த வார இறுதியில் இரண்டு மணி நேரம்.