சபைக்குள் மனக்கசப்பு இருக்கும்போது கிலேமெந்தின் கடிதத்தைச் சேர்ந்து வாசிப்பது எப்படி

முதல் வாரத்தில் 57-ஆம் அதிகாரத்தைத் திறக்காதீர்கள். நான் அதைத்தான் திறந்தேன்.

மூப்பர் குழுவில் நான் இருந்த காலத்தில் எங்களுக்குள் ஒரு பிளவு வந்தது. காரணத்தை இங்கே விரிக்கப்போவதில்லை. எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள். அந்த நாட்களில்தான், முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரிச் சபை பிளவுபட்ட கொரிந்து சபைக்கு எழுதிய கிலேமெந்தின் கடிதம் என் கைக்கு வந்தது. 57-ஆம் அதிகாரத்தில், கலகத்துக்கு அடிப்படை போட்டவர்களே, மூப்பருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று இருப்பதைப் பார்த்ததும் எனக்காகவே எழுதியது போலிருந்தது. அந்தப் பகுதியைத் தாளில் எழுதி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். எழுந்து நின்று வாசித்தேன். முடித்ததும் எதிரே உட்கார்ந்திருந்த இளைஞர், "ஐயா, மூன்று அதிகாரம் முன்னால் இருப்பதையும் வாசியுங்கள்" என்றார். குரலில் கோபம் இல்லை. என் தாளில் அந்தப் பகுதி இல்லை. நான் அதுவரை அதைப் படித்திருக்கவும் இல்லை. அவர் தம் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

54-ஆம் அதிகாரம் அது. உங்களில் பெருந்தன்மை உள்ளவன் யார், இரக்கம் உள்ளவன் யார், அன்பால் நிறைந்தவன் யார் என்று அது கேட்கிறது. அப்படிப்பட்டவன் சொல்லட்டும் என்று தொடர்கிறது: "கலகமும் சண்டையும் பிரிவினைகளும் என் நிமித்தம் உண்டானவையென்றால், நான் விலகிப்போகிறேன். நீங்கள் விரும்பும் இடத்துக்குப் போகிறேன். கிறிஸ்துவின் மந்தை மட்டும் சமாதானமாய் இருக்கட்டும்." பாதியில் எனக்குக் குரல் எழும்பவில்லை. மீதியை அந்த இளைஞர்தான் வாசித்தார்.

அதற்குப் பிறகு பல குழுக்களோடு இந்தக் கடிதத்தை வாசித்திருக்கிறேன். எப்படி வாசித்தால் இது மருந்தாகிறது, எப்படி வாசித்தால் கல்லாகிறது என்பதை அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

வாசிக்கும் முன் எல்லாருக்கும் பின்னணியைச் சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். ரோமாபுரியில் இருந்த சபை கொரிந்து சபைக்கு எழுதிய கடிதம் இது. கி.பி. 96-ஐ ஒட்டி எழுதப்பட்டதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். 65 அதிகாரங்கள். கொரிந்தில் சிலர் எழும்பி, குற்றமில்லாமல் ஊழியம் செய்துவந்த மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். செய்தி ரோமாபுரிவரை எட்டியது. ரோமாபுரிச் சபையின் ஆரம்பகாலத் தலைவரான கிலேமெந்தின் பெயர் கடிதத்துக்குள் எங்குமே வருவதில்லை. மரபுதான் அதை அவருடையது என்று சொல்கிறது. தொடக்கம் முதல் முடிவுவரை "நாங்கள்" என்றே பேசுகிறது. தாழ்மையைப் பற்றி எழுதியவர் தம் பெயரைப் போடாமல் விட்டார் என்பதைக் குழுவுக்குச் சுட்டிக்காட்டுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

முதல் கூட்டத்தில் முழுக் கடிதத்தையும் சத்தமாக வாசித்துவிடுவது நல்லது. ஏறத்தாழ இரண்டு மணிநேரம் ஆகும். நீளம் என்று தயங்கவேண்டாம். அந்நாளில் சபைகள் கடிதங்களைக் காதால்தான் கேட்டன. வாசிப்பவர் ஒருவராக இருக்கக்கூடாது. பிரிந்து நிற்கும் இரு தரப்பிலிருந்தும் ஆளுக்கு ஓர் அதிகாரமாக மாறி மாறி வாசிக்கட்டும். எதிர்த்தரப்பாரின் குரலில் ஒரு வசனத்தைக் கேட்கும்போது அது வேறு விதமாக உள்ளே இறங்குகிறது.

இரண்டாவது கூட்டத்துக்கு 3 முதல் 7 வரை எடுங்கள். இங்கே கிலேமெந்து நோயின் பெயரைச் சொல்கிறார்: பொறாமை. கொள்கை வேறுபாடு என்றோ நிர்வாகக் குறை என்றோ அவர் தொடங்கவில்லை. காயீன், ஏசா, யோசேப்பின் சகோதரர், தாவீதைத் துரத்திய சவுல் என்று வரிசையாகக் காட்டிவிட்டு, பேதுருவும் பவுலும் பட்ட பாடுகளுக்கும் பொறாமையே காரணம் என்கிறார். குழுவில் யாரும் "ஆம், அவர்களுக்குப் பொறாமை" என்று சொல்ல ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். அந்த இடத்தில் 7-ஆம் அதிகாரத்தின் முதல் வரிகளுக்குத் திருப்புங்கள். உங்களுக்குப் புத்தி சொல்ல மட்டும் அல்ல, எங்களுக்கே நினைப்பூட்டவும் எழுதுகிறோம். நாமும் அதே களத்தில்தான் நிற்கிறோம், அதே போராட்டம்தான் நமக்கும் என்கிறது ரோமாபுரிச் சபை. கண்டித்து எழுதுகிறவர்கள் இப்படி எழுதுவது எத்தனை அரிது! அந்த வரியைப் பலகையில் எழுதி, கடைசிக் கூட்டம்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.

அடுத்து 13 முதல் 19 வரை. கடிதத்தின் இதயம் இதுதான். இரண்டு கூட்டங்கள் கொடுங்கள். அந்தக் கிரேக்க உலகில் தாழ்ந்தவன் என்ற சொல் பெரும்பாலும் இழிவைக் குறித்தது, அடிமையின் தன்மையைக் குறித்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கவேண்டும். அந்தச் சொல்லைத்தான் தலைவர்களுக்குரிய முதல் தகுதியாக இவர்கள் எடுத்தார்கள். 16-ஆம் அதிகாரம் கிறிஸ்து யாருக்கு உரியவர் என்று சொல்கிறது: தாழ்மையுள்ளவர்களுக்கு, தம்மை அவருடைய மந்தைக்கு மேலாக உயர்த்துகிறவர்களுக்கு அல்ல. அதன் பிறகு, பாடுபடும் தாசனைப் பற்றிய ஏசாயா 53 முழுவதும் வருகிறது. அதை மெதுவாக வாசியுங்கள். முடிந்ததும் யாரும் விளக்கம் சொல்லவேண்டாம். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, ஆபிரகாம் தம்மைத் தூளும் சாம்பலும் என்றதற்கும், மோசே தம்மைப் பானையிலிருந்து எழும் ஆவி என்றதற்கும் போங்கள். ஆபிரகாம் சொன்னதை ஆதியாகமத்தில் காணலாம். மோசேயின் பெயரில் வரும் அந்த வரி நம் வேதாகமத்தில் இல்லை. தேடிக் களைத்துப்போகவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

20 முதல் 36 வரை வேகமாகக் கடக்கலாம். 37-ஐயும் 38-ஐயும் சேர்த்து வாசியுங்கள். பாதங்கள் இல்லாமல் தலை ஒன்றுமில்லை என்பதும், தாழ்மையுள்ளவன் தன்னைக் குறித்துத் தானே சாட்சி சொல்லாமல் மற்றவர் சொல்ல விடட்டும் என்பதும் அங்கேதான் இருக்கின்றன.

இப்போது 44. இங்கே கவனமாக இருங்கள், ஏனென்றால் பதவியில் இருப்பவர்கள் தங்களுக்குக் கோட்டையாகக் கட்டிக்கொள்ளும் அதிகாரம் இது. அப்போஸ்தலர் ஏற்படுத்திய ஒழுங்கின்படி, சபை முழுவதும் சம்மதிக்க நியமிக்கப்பட்டவர்களை இறக்குவது நியாயமல்ல என்கிறது. ஆனால் யாரை? கிறிஸ்துவின் மந்தைக்குக் குற்றமில்லாமல், தாழ்மையோடு, அமைதியாக ஊழியம் செய்தவர்களை. இந்தப் பாதுகாப்பு நாற்காலிக்குக் கொடுக்கப்படவில்லை, அப்படி ஊழியம் செய்தவர்களுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. கணக்கில் மோசடியோ பலவீனர்மேல் கொடுமையோ நடந்திருக்கும் இடத்தில், முறையிட வந்தவரின் வாயை அடைக்க இந்த அதிகாரத்தை எடுப்பவர் கடிதத்தைத் திரித்துவிடுகிறார். தாழ்மை என்ற சொல்லால் காயப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இதை உரக்கச் சொல்கிறேன்.

உங்கள் சபையின் நிலைமை அதுவாக இருந்தால், இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா சபையின் கண்காணியாக (ஆயராக) இருந்த பொலிகார்ப்பு பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 11-ஆம் அதிகாரத்தைக் கூடவே வாசியுங்கள். வாலென்ஸ் என்ற மூப்பர் பண ஆசையில் விழுந்திருந்தார். பொலிகார்ப்பு குற்றத்தை மூடி மறைக்கவில்லை. அவருக்காகவும் அவர் மனைவிக்காகவும் மிகவும் துக்கப்படுகிறேன் என்கிறார். அவர்களைப் பகைவராக எண்ணாதீர்கள், நோயுற்ற, வழி தவறிய அவயவங்களாகத் திரும்ப அழையுங்கள் என்கிறார். உண்மை, துக்கம், அழைப்பு: இந்த வரிசை மாறக்கூடாது.

இதன் பிறகுதான் 54. இந்தக் கூட்டத்தில் யாருக்கும் தாள் கொடுக்காதீர்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். கடிதத்தின் போக்கில் அது கலகக்காரர்களை நோக்கிய வார்த்தை என்பது உண்மைதான். இருந்தாலும் "குற்றவாளி யார்" என்று அது கேட்கவில்லை. பெருந்தன்மை உள்ளவன் யார் என்று கேட்கிறது. அப்படிக் கேட்டால் அறையில் இருக்கும் எவரும் பதில் சொல்லலாம். பதவியில் இருந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஆயர்கள் கூடிய திருச்சபைச் சங்கத்தின்போது, அந்த நகரத்தின் கண்காணியாக இருந்த நசியான்சுஸ் கிரெகோரி, புயலுக்குத் தாம் காரணமில்லை என்றாலும் கப்பல் தப்பவேண்டும் என்பதற்காக யோனாவைப்போல் தம்மைத் தள்ளிவிடச் சொல்லிப் பதவி விலகினார்.

வாசித்து முடித்த அன்றே யாரும் ராஜினாமா எழுதக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் விதி. உணர்ச்சிவேகத்தில் எழுதியதை மறுவாரம் திரும்பப் பெறுவது இன்னொரு சண்டைக்கு விதையாகும். ஒவ்வொருவரும் ஒரு வாரம் ஒரே கேள்வியோடு இருக்கட்டும்: நான் எதை விட்டுக்கொடுத்தால் மந்தைக்குச் சமாதானம் வரும்? விடவேண்டியது எப்போதும் பதவியாக இருக்காது. எங்கள் குழுவில் பதில் நான் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதை மட்டும் ஓர் ஆண்டுக்கு அந்த இளைஞரிடம் கொடுத்துவிட்டு, நான் வட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். முதல் மூன்று கூட்டங்கள் எனக்கு மிகவும் கடினமாக இருந்தன.

யாராவது, "கொரிந்தியர் கேட்டார்களா?" என்று நிச்சயம் கேட்பார்கள். ஏறத்தாழ 170-இல் கொரிந்தின் கண்காணியாக இருந்த தியோனிசியு, கிலேமெந்து எழுதிய கடிதத்தைத் தங்கள் சபையில் இன்னும் வாசித்துவருவதாக ரோமாபுரிக்கு எழுதினார். நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் அதைப் பதிந்திருக்கிறார். தங்களைக் கண்டித்த கடிதத்தை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் எறிந்துவிடவில்லை.

கடைசிக் கூட்டத்துக்கு 59 முதல் 61 வரையுள்ள ஜெபம். உங்களிடம் இருப்பது மிகப் பழைய மொழிபெயர்ப்பு என்றால் இந்தப் பகுதியே இல்லாமல் இருக்கும்; இந்தக் கடிதம் சேர்ந்திருக்கும் பழைய கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதியான அலெக்சாந்திரியச் சுவடியில் அந்த ஏடு தொலைந்துபோயிருந்தது. 1056-இல் எழுதப்பட்ட இன்னொரு சுவடியை 1873-இல் கிரேக்கத் திருச்சபை அறிஞர் பிலோதியோஸ் பிரியென்னியோஸ் கண்டெடுத்த பிறகுதான் முழுக் கடிதமும் கிரேக்கத்தில் கிடைத்தது. ஆகவே முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தவர்களை எழுப்பும், பசித்தவர்களைப் போஷியும், சிறைப்பட்டவர்களை விடுவியும் என்று அந்த ஜெபம் விரிந்துகொண்டே போகிறது. எல்லாரும் நின்று, வாக்கியத்துக்கு ஒருவராக வாசியுங்கள். அன்று விவாதம் வேண்டாம். ஆமென் சொன்னதும் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.