தெரிந்த பாட்டு, புதுக் கதை: மேடை இசை நாடகம் பார்க்கப் போகிறீர்களா?

சீசன் நேரத்தில் ஊட்டியில் மேடை இசை நாடகம் ஏதாவது வந்தால், பாட்டுகளை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். பிரபலமான பழைய பாட்டுகளைக் கோத்துக் கதை பண்ணும் வகை என்றால் இது ரொம்ப அவசியம். 1999இல் லண்டனில் அரங்கேறிய ‘மம்மா மியா’ அப்படித்தான். ஸ்வீடனின் ஆபா குழுப் பாட்டுகள் முதலில் வந்தவை. கல்யாணப் பெண் தன் அப்பா யாரென்று தேடும் கதை பிறகு எழுதப்பட்டது. அதனால் சுவாரசியமே, தெரிந்த பாட்டு எந்த வசனத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறது என்பதில்தான் இருக்கிறது.

கோத்தகிரியிலிருந்து அத்தையை இப்படி ஒரு நாடகத்துக்கு அழைத்துப் போனேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பஸ்ஸிலேயே கதையைத் தமிழில் சொல்லி, நாலு பாட்டை போனில் போட்டுக் காட்டினேன். அரங்கில் பியானோ முதல் இரண்டு சுரம் தொட்டதுமே, கம்பளிக் குல்லாவைக் காதுக்கு மேலே தள்ளிவிட்டு, “இதுதானே அது?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்கவே இன்னொரு தடவை போகலாம்!

கூடவே பாட ஆசை வரும். கடைசியில் எல்லோரும் வணக்கம் சொல்ல வரும் வரை பொறுங்கள், அப்புறம் எழுந்து நின்றே பாடலாம். வர்க்கியை இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான காட்சியில் அதன் மொறுமொறுப்பு மூன்று வரிசைக்குக் கேட்கும். ஸ்வெட்டர் கட்டாயம். திரும்பும் பஸ் நேரத்தைப் போகும்போதே விசாரித்துவிடுங்கள்.