எக்கோவில் 'புதுக் குழாய்' தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

"பம்பிங் 45 இருந்தது, இப்போ 50 ஆயிட்டு அண்ணாச்சி. புதுசா ரத்தக்குழாய் முளைச்சிருக்குல்லா?" பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி பக்கம் எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன், ரிப்போர்ட்டும் கையுமாக நிற்கிறவர்களிடம் இப்படி ஒரு நம்பிக்கையைக் கேட்கலாம். முதல் தவறு இதுதான். பம்பிங் சதவீதம் என்பது, ஒவ்வொரு துடிப்பிலும் இதய அறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியேற்றுகிறது என்று, அதன் உட்சுவரைத் திரையில் கோடு போட்டுக் கணக்கிடுவது. ஒரே ஆளுக்கு இரண்டு பேர் அளந்தாலே ஐந்து புள்ளி கூடும், குறையும். நிஜமாகவே கூடியிருந்தாலும் அது மாத்திரையின் வேலையாக இருக்கலாம்.

சாதாரண எக்கோவுக்குப் புதுக் குழாய் தெரியவே தெரியாது. அது பிரித்துக் காட்டுவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரைதான். புதிதாகக் கிளைக்கும் தந்துகியின், அதாவது மிக நுண்ணிய ரத்தக்குழாயின், அகலமோ அதில் நூறில் ஒரு பங்குகூட வராது.

அதற்காகத்தான் கான்ட்ராஸ்ட் எக்கோ. சிவப்பணுவைவிடச் சிறிய வாயுக் குமிழிகளை நரம்பு ஊசி வழியாக ஏற்றுவார்கள். இதயச்சுவர் வெளிச்சமாகும். பிறகு ஒலியின் வலிமையைச் சட்டென்று கூட்டிச் சுவரில் உள்ள குமிழிகளை உடைத்துவிடுவார்கள். திரையில் சுவர் கறுத்துப்போகும். அப்புறம் அது மறுபடி வெளுக்க எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் கணக்கு. நல்ல ரத்த ஓட்டம் உள்ள சுவர், ஓய்வில் சுமார் 5 நொடியிலும், இதயத்தை வேகப்படுத்தினால் 2 நொடிக்குள்ளும் நிறைந்துவிடும். எவ்வளவு வெளுக்கிறது என்பது அங்கே தங்கும் ரத்தத்தின் அளவைக் காட்டும்.

இங்கே மருத்துவர்களே சறுக்கும் இடங்கள் உண்டு. ஓய்வில் மட்டும் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்பது ஒன்று. குழாய் 85 சதவீதம் வரை அடைத்தாலும் ஓய்வில் ஓட்டம் குறையாமல் இருக்கும். இதயத்தை வேகப்படுத்தும் டோபுடமின் போன்ற மருந்து கொடுத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பக்கச்சுவரின் மேல்பகுதி பல நேரம் விலா எலும்பு நிழலிலும் ஒலி மங்குவதிலும் கறுப்பாகத் தெரியும். அதை ஓட்டக் குறைவு என்று எழுதிவிடுவது இன்னொன்று. முதல் தடவை ஒரு அமைப்பு, ஆறு மாதம் கழித்து வேறு அமைப்பு என்று மெஷினை வைத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தாலும் தெரிவது ரத்த ஓட்டம்தான், குழாயின் வயது அல்ல. பெரிய வாய்க்கால் அடைபட்டால் பக்கத்து ஓடை அகலப்படுகிற மாதிரி, ஏற்கெனவே இருந்த மெல்லிய இணைப்புக் குழாய்களும் பருக்கும். அது வேறு, புதிதாகத் தந்துகி கிளைப்பது வேறு. படத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

ஆபரேஷன் இல்லாமலே புதுக் குழாய் முளைக்கும் என்று சொல்லும் 'இயற்கை பைபாஸ்' விளம்பரங்களை இதை வைத்தே படிக்க வேண்டும். காலில் பட்டை கட்டி 35 மணி நேரம் அமுக்கும் இ.இ.சி.பி சிகிச்சையில் சிலருக்கு நெஞ்சுவலி குறைகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் முன்னும் பின்னும் எடுத்த சாதா எக்கோ, குழாய் முளைத்ததற்குச் சாட்சி ஆகாது. வலி குறைந்ததும் ஆகாது. ரத்தக்குழாய் வளர்க்கும் புரதத்தை 178 பேரிடம் சோதித்த 'விவா' ஆய்வு 2003இல் வெளியானது. 60ஆம் நாளில் பார்த்தால், வெறும் போலி மருந்து பெற்றவர்களும் அதே அளவு தேறியிருந்தார்கள்.

இன்னொன்று, புதுக் குழாய் என்றாலே நல்லது என்று நினைப்பது. கழுத்துத் தமனியின் கொழுப்புப் படிவுக்குள் கிளைக்கும் குழாய்கள் ஒழுகக்கூடியவை. அவற்றில் ரத்தம் கசிந்தால் படிவு வெடிக்கலாம், பக்கவாதம் வரலாம். அங்கே குமிழிகள் ஏறி மின்னினால் எந்த டாக்டரும் சந்தோஷப்பட மாட்டார்.