ஏர் பிஸ்டல் டிரிக்கரை வீட்டிலேயே சீராக்குவது: 500 கிராமில் நான் கோட்டை விட்ட கதை

முதலிலேயே ஒன்று. இது 10 மீட்டர் போட்டிக்கான 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலுக்கு மட்டும். .22, 9 மி.மீ. என்று தோட்டா போடும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து உள்ளே கை வைக்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி அதைப் பழுது பார்க்கவே உரிமம் வேண்டும். உரிமம் உள்ள ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) கொடுத்துவிடுங்கள்.

டிரிக்கர் சரியில்லை என்று புதிதாக வருகிறவர்கள் சொன்னால், பத்தில் எட்டு பேர் 'கனமாக இருக்கிறது' என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் போட்டி விதிப்படி டிரிக்கர் எடை, அதாவது சுட விரல் இழுக்க வேண்டிய விசை, 500 கிராமுக்குக் குறையவே கூடாது. அதற்குக் கீழே போக வழியில்லை. சரிசெய்ய வேண்டியது அந்த 500 கிராம் விரலில் எப்படி வந்து சேர்கிறது என்பதைத்தான்.

பெல்லட் (ஈயக் குண்டு) உள்ளே இல்லை என்று கண்ணால் பாருங்கள். பிறகு இன்னொரு தடவை பாருங்கள். டிரை ஃபயர் (குண்டும் காற்றும் இல்லாமல் டிரிக்கரை மட்டும் இழுத்துப் பழகும்) நிலைக்கு மாற்றி, சுவரை நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் பக்கத்து ஃபிளாட்டின் கூடம் இருந்தால் வேறு சுவர்.

தேவையான சாமான் கொஞ்சம்தான். 1.5, 2 மி.மீ. ஆலன் கீ, சமையலறை டிஜிட்டல் தராசு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், சைக்கிள் ஸ்போக் கம்பி ஒரு துண்டு. ஆலன் கீயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பாரிமுனை பிளாட்பாரத்தில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய செட் இரண்டாவது நாளே முனை மழுங்கி, ஸ்க்ரூவின் அறுகோணத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டது. தப்பாரியா பிராண்டு போதும். அந்த கீயை எப்போதும் பையில் வைத்திருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் லீவர் உடைந்து அவர் தவித்ததைப் பார்த்த பிறகு, கருவிப் பை இல்லாமல் நான் ரேஞ்சுக்குப் போவதில்லை.

எந்த ஸ்க்ரூ எதற்கு என்பது ஒவ்வொரு பிஸ்டலிலும் மாறும். கையேட்டில் பாருங்கள். தொடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று தாளில் எழுதிக்கொண்டே போங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஸ்க்ரூ, கால் சுற்று.

முதலில் டிரிக்கர் பிளேடின் இடம். விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி நடுவில் படும்படி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எனக்குப் பாதிக் குறை இதிலேயே தீர்ந்தது.

அடுத்து ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். விரல் இழுக்கத் தொடங்கியதும் வருகிற தளர்வான ஓட்டம் அது. முடிவில் ஒரு சுவர் போல முட்டும். அதுதான் செகண்ட் ஸ்டேஜ். எடையில் பெரும்பங்கை ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் வைப்பது என் விருப்பம்: 350 கிராமுக்கு மேல் அங்கே, மிச்சம் சுவரில். சுவரில் விரல் நின்ற பிறகு கொஞ்சம் நினைத்தாலே விழும், அதாவது பிஸ்டல் சுட்டுவிடும். சிலருக்கு இது பிடிக்காது, சுவர் கெட்டியாக வேண்டும் என்பார்கள். அவரவர் விரல்.

விழுந்த பிறகு டிரிக்கர் பின்னால் ஓடுகிறதே, அதை நிறுத்துவதற்கும் ஒரு ஸ்க்ரூ உண்டு. பிஸ்டல் விழாத அளவுக்கு அதை இறுக்கி, விழத் தொடங்கும் இடம்வரை தளர்த்தி, அங்கிருந்து இன்னும் கால் சுற்று விடுங்கள். அந்தக் கால் சுற்றை நான் விடவில்லை. வீட்டில் சமர்த்தாக விழுந்தது, ரேஞ்சில் விரல் லேசாகச் சாய்ந்ததும் அசையாமல் நின்றது.

சியர் (சுடும் வரை உள்ளே பிடித்து நிறுத்தும் கொக்கி) ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். சியர் பிடிப்பு குறைந்தால் பிஸ்டல் தானாகவே விழும்.

இனி எடை பார்ப்பது. நான் விழுந்தது இங்கேதான். ரிச்சி தெருவில் வாங்கிய கொக்கித் தராசை மாட்டி இழுத்தேன், 520 காட்டியது. மறுவாரம் போட்டியில், கருவி சோதனையில் 500 கிராம் எடைக் கட்டையை டிரிக்கரில் மாட்டித் தூக்கியதுமே 'டப்' என்று விழுந்தது. மூன்று முறையும் அதேதான். பயிற்சியாளர் கேட்டார்: "ஏன் தம்பி, கொக்கிய எங்க மாட்டுன?" மேலே, அச்சுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். டிரிக்கர் ஒரு நெம்புகோல். அச்சுக்குக் கிட்டப் போகப்போக அதிக விசை கேட்கும். அங்கே 520 என்றால் நடுவில் 500க்கும் கீழே. போதாததற்கு வெடுக்கென்று வேறு இழுத்திருந்தேன்.

இப்போது கொக்கித் தராசே இல்லை. பாட்டில், தண்ணீர், ஸ்போக் கம்பியை வளைத்துச் செய்த கொக்கி எல்லாம் சேர்த்து 510 கிராம் வருமாறு சமையலறைத் தராசில் அளந்துகொள்கிறேன். பாட்டிலைத் தரையில் வைத்து, பிஸ்டலைக் காக் செய்து (சுடத் தயார் நிலைக்கு இழுத்து), பேரல் செங்குத்தாக மேலே பார்க்க, கொக்கியை டிரிக்கரின் நடுவில் மாட்டி, மெதுவாகத் தூக்க வேண்டும். முகத்தைப் பேரலுக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பித் தொங்கினால் சரி. டிரிக்கர் விழுந்தால் எடை ஸ்க்ரூவைக் கால் சுற்று கூட்டுங்கள். மற்ற ஸ்க்ரூக்களைத் திருகினாலும் மொத்த எடை நகரலாம், அதனால் இதுதான் கடைசி வேலை. அந்தப் பத்து கிராம் என் பயத்துக்கு.

முடிந்ததும் காக் செய்து, பிடியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இருபது தட்டு. ஒரு முறை விழுந்தாலும் எழுதிவைத்த பழைய இடத்துக்கே திருப்பிவிடுங்கள். சரியாக இருந்தால் ஸ்க்ரூ தலையிலிருந்து பிஸ்டலின் உடம்புக்கு நெயில் பாலிஷால் ஒரு கோடு, நகர்ந்தால் தெரிந்துவிடும். பசை வேண்டாம்.

பிற்சேர்க்கை: இரண்டு பேர் கேட்டதால் சொல்கிறேன். திருவான்மியூர் உப்புக் காற்றுக்குப் பயந்து டிரிக்கரில் தையல் மெஷின் எண்ணெய் விடலாமா? வேண்டாம், தூசியைப் பிடித்து பிசுபிசுக்கும். காற்று போகும் பாதையில் எண்ணெய் பட்டால் ஆபத்து வேறு. உலர்ந்த துணியால் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். எலக்ட்ரானிக் டிரிக்கர் வைத்திருப்பவருக்கு: எடையைப் பார்க்க இதே கொக்கி, இதே பாட்டில்தான். பேட்டரி மட்டும் மாற்று ஒன்று பையில் இருக்கட்டும்.